வானிலையை வாசிக்கப் போகிறீர்களா, கணிக்கப் போகிறீர்களா?

கேள்வி: இளநிலை இயற்பியல் இறுதியாண்டு படிக்கிறேன். தொலைக்காட்சியில் வானிலை சொல்ல வேண்டும் என்பது பள்ளி நாள்களிலிருந்தே ஆசை. கல்லூரி விழாவில் நான் பேசியதைப் பார்த்த ஒரு சேனல்காரர், படிப்பு முடிந்ததும் வானிலை வாசிக்க வரலாம் என்கிறார். "எழுதிக் கொடுத்துவிடுவோம், சிரித்த முகமாகப் படித்தால் போதும்" என்பது அவர் வாக்கு. இன்னொரு பக்கம், வளிமண்டல அறிவியலில் இரண்டு ஆண்டு முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைக்கும்போல் இருக்கிறது. எதை எடுப்பது? கைப்பேசியிலேயே வானிலை வந்துவிடும் காலத்தில் இந்த வேலை மிஞ்சுமா என்று அண்ணன் கேட்கிறான். சொன்னது பொய்த்துப்போனால் ஊரே உன்னைத் திட்டும் என்கிறார் அம்மா. என் முகமும் குரலும் இதற்கு ஏற்றவைதானா என்று எனக்கே சந்தேகம். – ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதுநிலைப் படிப்பில் சேருங்கள். சேனல் வேலையை இப்போது ஏற்க வேண்டாம். முடிவை முதலில் சொல்லிவிட்டேன், காரணம் பின்னால் வருகிறது. வானிலை அறிக்கையையும் இந்த வரிசையில்தான் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. நாளைக்கு மழை உண்டா என்று கேட்க உட்கார்ந்திருப்பவரிடம் மேலடுக்குச் சுழற்சியில் கதையைத் தொடங்கினால், மழை என்ற சொல் வருவதற்குள் அவர் எழுந்துபோயிருப்பார்.

'எழுதிக் கொடுத்துவிடுவோம்' என்று அந்தச் சேனல்காரர் சொன்னதில் பொய் இல்லை. வானிலை மையத்தின் அறிக்கையை நான்கு வரிகளாகச் சுருக்கி ஒரு துணை ஆசிரியர் தருவார்; நீங்கள் படிப்பீர்கள். வானம் சும்மா இருக்கும் நாள்களில் அது போதும். வருடத்தில் பாதிக்குமேல் அப்படிப்பட்ட நாள்கள்தான் என்பதால் பல ஆண்டுகள் ஒப்பேற்றவும் முடியும். ஆனால் ஒரு நாள் வரும். கையிலுள்ள அறிக்கை மூன்று மணி நேரம் பழையதாக இருக்கும், பக்கத்துத் திரையில் ரேடார் வேறொன்றைக் காட்டும், "இன்னும் பத்து நிமிடம் பேசிக்கொண்டே இருங்கள்" என்று காதில் குரல் கேட்கும். அந்தப் பத்து நிமிடத்தை யாரும் எழுதித் தர முடியாது. பார்ப்பவர்கள் உங்களை மெய்யாகவே கூர்ந்து கேட்கும் நேரமும் அதுதான்.

2011 ஏப்ரல் 27 அன்று அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மட்டும் 62 டோர்னாடோக்கள் (தரையைத் தொடும் சுழல்காற்றுகள்) வீசின. ஜேம்ஸ் ஸ்பான் என்ற அறிவிப்பாளர் அன்று ரேடார் படத்தை முன்னால் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் நேரலையில் பேசினார். மாவட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்ளாமல் சாலைச் சந்திப்பு, சிற்றூர், எல்லாருக்கும் பழக்கமான கடை என்று இடம் சுட்டிச் சொல்வது அவருடைய வழக்கம். கேட்பவருக்கு 'இது நம் தெரு' என்று அப்போதுதான் உறைக்கும். ரேடாரில் கொக்கிபோல் வளைந்து தெரியும் எதிரொலி (டோர்னாடோ உருவாகலாம் என்பதன் அறிகுறி) எதைக் குறிக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் பிடிபடுகிறவருக்கு மட்டுமே அப்படிப் பேச வரும்.

இந்தத் தொழில் பிறந்தபோதே வாசிப்பு, கணிப்பு என்று இரண்டு வழிகளாகப் பிரிந்துவிட்டது. 1954 ஜனவரி 11 அன்று பிபிசியில் முதன்முதலாகத் திரையில் தோன்றி வானிலை சொன்ன ஜார்ஜ் கவ்லிங், பிரிட்டன் வானிலை அலுவலகத்தின் ஊழியர்; தொழில்முறைக் கணிப்பாளர். தாங்கியில் ஒரு வரைபடம், கையில் கரிக்கோல், ஐந்து நிமிடம், அவ்வளவுதான். மறுநாள் காற்று வீசும், துணி துவைத்துக் காயப்போட ஏற்ற நாள் என்று அவர் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. அந்த ஒரு வாக்கியத்தை நான் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் அனைவரிடமும் சொல்வதுண்டு. காற்றின் வேகத்தைச் சொல்லி நிறுத்தாமல், அதைக் கேட்டவர் வீட்டில் என்ன செய்யலாம் என்பதுவரை கொண்டுபோய்விட்டார், பாருங்கள்.

அதே காலத்தில் அமெரிக்காவில் கதை வேறாகப் போனது. பொம்மலாட்டம், கோமாளி வேடம், கவர்ச்சியான உடையில் ஒரு பெண் என்று வானிலை நேரம் வேடிக்கை நேரமானது. சகிக்க முடியாமல் அமெரிக்க வானிலையியல் கழகம் 1957இல் தகுதியுள்ள அறிவிப்பாளர்களுக்கென ஓர் அங்கீகார முத்திரையை உருவாக்கியது. 2005இல் அதைவிடக் கடுமையான சான்றிதழ் வந்தது: வானிலையியல் பட்டம் வேண்டும், எழுத்துத் தேர்வில் தேற வேண்டும், ஒளிபரப்பான உங்கள் நிகழ்ச்சிகளையும் மதிப்பீட்டாளர்கள் பார்த்து ஒப்ப வேண்டும்.

ஜூன் பேக்கன்-பெர்சியின் கதை உங்களுக்குப் பிடிக்கும். கலிஃபோர்னியாவில் வானிலையியல் பட்டம் பெற்ற கறுப்பினப் பெண். அரசு வானிலைத் துறையில் கணிப்பாளராக இருந்தவர். 1970களின் தொடக்கத்தில் பஃபலோ நகரத் தொலைக்காட்சி ஒன்றில் செய்தியாளராகச் சேர்ந்தார். வானிலை சொல்லும் அலங்காரப் பெண்ணாகத் தன்னை ஆக்கிவிடுவார்கள் என்று அந்தப் பக்கமே போகாமல் இருந்தார். ஒரு நாள் நிலையத்தின் வானிலை அறிவிப்பாளர் வங்கிக் கொள்ளை வழக்கில் கைதாகிவிட்டார் (கதை விடவில்லை, நடந்தது இது). அன்று மாலை வேறு ஆள் இல்லை. தரவைப் பார்த்தார், வெப்ப அலை வருகிறது என்றார், வந்தது, வேலை அவருடையதானது. 1972இல் அந்த அங்கீகார முத்திரையைப் பெற்ற முதல் பெண்ணும் அவரே. வாய்ப்பு அவருக்குத் தற்செயலாக வந்தது என்றாலும், அது வரும் முன்பே படிப்பு கையில் இருந்தது.

இயற்பியல் மாணவிக்கு முதுநிலைப் பாடங்கள் மிரட்சி தராது. வெப்ப இயக்கவியல், பாய்ம இயக்கவியல், வகைக்கெழுச் சமன்பாடுகள், மேக இயற்பியல், தொலையுணர்வு, எண்முறை வானிலைக் கணிப்பு ஆகியவற்றைப் படிப்பீர்கள். உலக வானிலை அமைப்பு வானிலையாளர்களுக்கென ஓர் அடிப்படைப் பாடத்திட்டத்தை வகுத்திருக்கிறது. நீங்கள் சேரும் படிப்பு அதை நிறைவு செய்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். நாளைக்கு வானிலை மையம் ஒன்றில் வேலைக்குப் போவதானாலும் அது உதவும். புள்ளியியலை மட்டும் விருப்பப் பாடம்தானே என்று தள்ளிவிடாதீர்கள். கணினி பளபளப்பாக வரைந்து தந்தாலும், சம அழுத்தக் கோடுகளைக் கையால் போட்டுப் பழகுங்கள். பழைய ஆள்களின் பிடிவாதம் என்று சிரிக்கலாம். ஆனால் ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதியைத் தானே பென்சிலால் வளைத்து வரைந்தவருக்கு, நாளை கணினி அதைத் தவறான இடத்தில் வைத்தால் கண்ணில் உறுத்தும். மற்றவர் கண்ணுக்கு அது இன்னொரு அழகான படம்.

இனி அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடிதத்திலேயே கனமான கேள்வி அதுதான்.

கணிப்பு பொய்க்கும். திறமை கூடினாலும் பொய்க்கும். 1961இல் வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லோரென்ஸ் தன் கணினியில் ஒரு வானிலைக் கணக்கை மறுபடி ஓட்டியபோது 0.506127 என்ற எண்ணுக்குப் பதில் 0.506 என்று சுருக்கிக் கொடுத்தார். சிறிது நேரம் பழைய பாதையிலேயே போன கணக்கு, பிறகு முற்றிலும் வேறொரு வானிலையைக் காட்டியது. தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத பிசகு போகப்போகப் பூதாகரமாகும் என்பதை 1963இல் அவர் கட்டுரையாகவே எழுதிவிட்டார். அதனால்தான் இன்றைய மையங்கள் ஒரே கணக்கை நம்பி உட்காருவதில்லை. ஐரோப்பிய நடுத்தர கால வானிலைக் கணிப்பு மையம் 1992 முதல் தொடக்க நிலையைச் சிறிது சிறிதாக மாற்றிப் பல கணக்குகளை ஓட்டுகிறது, இப்போது 51. அவற்றில் 45 கணக்குகள் மழை என்றால் தைரியமாகச் சொல்லலாம். 20 மட்டும் மழை என்றால் ஐயத்தோடு சொல்ல வேண்டும். அந்த ஐயத்தை மழுப்பாமல், கேட்பவருக்குப் பயன்படும்படி சொல்வதுதான் நீங்கள் கற்கப்போகும் தொழில். மற்றதெல்லாம் இதற்குத் துணை.

சொல்வது எளிது, செய்வது கடினம். 'நாளை மழைக்கு 30 சதவீத வாய்ப்பு' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2005இல் உளவியலாளர் ஜெர்ட் கிகரென்சரும் அவருடைய குழுவினரும் ஐந்து நகரங்களில் இதன் பொருளைக் கேட்டார்கள். நியூயார்க்கில் மட்டுமே பெரும்பாலோர் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். ஆம்ஸ்டர்டாம், பெர்லின், மிலான், ஏதென்ஸ் நகரத்தார், நாளில் 30 சதவீத நேரம் பெய்யும் என்றோ நிலப்பரப்பில் 30 சதவீத இடத்தில் பெய்யும் என்றோ எடுத்துக்கொண்டார்கள். இதே நிலைமை உள்ள பத்து நாள்களில் ஏறத்தாழ மூன்றில் மழை பெய்யும் என்பதே உண்மைப் பொருள். எண்ணைச் சொல்லிவிட்டோம், கடமை முடிந்தது என்று நகர்ந்தால் கேட்பவருக்குப் போய்ச் சேர்ந்தது வேறு செய்தி.

படமும் இப்படி ஏமாற்றும். புயல் பாதையைக் கூம்பு வடிவில் காட்டுவார்கள். அமெரிக்கத் தேசியச் சூறாவளி மையத்தின் கூம்பு என்றால், புயலின் மையம் அதற்குள் செல்ல மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு என்று பொருள். ஆனால் பார்ப்பவர் கண் நடுவில் ஓடும் கோட்டிலேயே நிற்கும். 2004 ஆகஸ்டில் 'சார்லி' சூறாவளிக்கு ஃபுளோரிடாவின் டாம்பா நகரை நோக்கிக் கோடு போட்டிருந்தார்கள். புயலோ முன்னதாகவே கிழக்குப் பக்கம் திரும்பி, டாம்பாவுக்குத் தெற்கே புன்டா கோர்டா பக்கம் கரையேறியது. அந்த இடம் கூம்புக்குள்தான் இருந்தது. இருந்தும், கோடு நம் பக்கம் வரவில்லையே என்று அசட்டையாக இருந்தவர்கள் அகப்பட்டுக்கொண்டார்கள். அந்தக் கோட்டை எடுத்துவிட்டுக் கூம்பை மட்டும் காட்டலாமா என்று உங்கள் வரைகலைப் பிரிவோடு ஒரு நாள் நீங்களும் சண்டை போடுவீர்கள். போடுங்கள்.

பிபிசி வானிலை அறிவிப்பாளர் மைக்கேல் ஃபிஷ், அம்மா பயப்படும் கதையின் நாயகர். 1987 அக்டோபர் 15 பகலில், சூறாவளி வருவதாக ஒரு பெண் தொலைபேசியில் கேட்டாராம், கவலை வேண்டாம், அப்படி எதுவும் இல்லை என்று சிரித்தபடி சொன்னார். அன்றிரவு தென் இங்கிலாந்தைப் பெரும்புயல் புரட்டிப்போட்டது. பிரிட்டனில் 18 பேர் இறந்தார்கள், ஏறத்தாழ ஒன்றரைக் கோடி மரங்கள் சாய்ந்தன. தான் குறிப்பிட்டது ஃபுளோரிடா பக்கத்துச் சூறாவளியை என்று அவர் பின்னாளில் விளக்கினார். காற்று மிகவும் வலுக்கும் என்று அதே அறிக்கையில் எச்சரித்தும் இருந்தார். பலத்த காற்று பெரும்பாலும் ஸ்பெயின், பிரான்ஸ் பக்கம் இருக்கும் என்றார். அறிவியல் வரையறைப்படி வந்ததும் வெப்பமண்டலச் சூறாவளி அல்ல. இத்தனை நியாயம் இருந்தும் ஒன்றும் எடுபடவில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில்கூட அந்தத் துண்டுக் காட்சியை ஓட்டினார்கள்.

கணிப்புத் தவறியதை மக்கள் மன்னித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். 'கவலை வேண்டாம்' என்ற சொல்லைத்தான் மறக்கவில்லை. நம்மிடம் இல்லாத உறுதியை நாம் கொடுத்துவிடக் கூடாது. அதற்காக எதிர்ப்பக்கம் சாய்ந்து எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை விடுவதும் ஆகாது; புலி வருகிறது கதைதான். மழை வாய்ப்பை உண்மையைவிடச் சற்றுக் கூட்டிச் சொல்லும் பழக்கம் வணிகத் தொலைக்காட்சிகளில் ஆய்வாளர்கள் கண்டறிந்து பதிவு செய்த ஒன்று. மழை என்று சொல்லி வெயில் அடித்தால் யாரும் கோபிப்பதில்லை. வெயில் என்று சொல்லி நனையவைத்தால்தான் வசை. வசைக்குப் பயந்து எண்ணைக் கூட்டுகிறவரை என்னால் மதிக்க முடியவில்லை.

இதற்கு மருந்தாக ஒரு பயிற்சி சொல்கிறேன். இன்றே தொடங்கலாம், பட்டம் தேவையில்லை. தினமும் மாலையில், நாளை உங்கள் இடத்தில் மழை பெய்ய எத்தனை சதவீத வாய்ப்பு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மறுநாள் பெய்தால் 1, இல்லையென்றால் 0. எழுதிய நிகழ்தகவுக்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்திச் சராசரி எடுங்கள். 1950இல் கிளென் பிரையர் தந்த அளவுகோல் இது. பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. 70 சதவீதம் என்று எழுதி மழை பெய்தால் உங்கள் பிழை 0.09. பெய்யாவிட்டால் 0.49. நூறு சதவீதம் என்று மார்தட்டிப் பொய்த்தால் முழுதாக 1. மிகையான உறுதிக்கு எவ்வளவு அபராதம் என்பதை இந்தக் கணக்கு சில வாரங்களிலேயே உங்களுக்கு உணர்த்திவிடும். கணிப்புத் தவறினால் கணினி மாதிரியைக் குறை சொல்வது ஆடத் தெரியாதவள் கூடத்தைக் கோணல் என்ற கதை. நோட்டு அதற்கு இடம் தராது. வேலைக்கான நேர்காணலுக்கு அந்த நோட்டையே எடுத்துப்போங்கள். என்னிடம் அப்படி ஒரு நோட்டோடு யாராவது வந்தால் அவருடைய குரலைப் பற்றி நான் இரண்டாவதாகத்தான் யோசிப்பேன்.

அண்ணன் சொல்வதில் பாதி சரி. நாளை வெப்பநிலை என்ன, குடை வேண்டுமா என்பதற்குக் கைப்பேசிச் செயலி போதும். கணிப்புத் திறன் பத்தாண்டுக்கு ஒரு நாள் என்ற அளவில் நீண்டுகொண்டே வந்திருக்கிறது. 2023இல் கூகுள் டீப்மைண்டின் 'கிராஃப்காஸ்ட்', ஹுவாவேயின் 'பாங்கு' போன்ற செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் வந்தன. நான் மேலே சொன்ன ஐரோப்பிய மையமும் 2025இல் அப்படி ஒன்றை நடைமுறைக்கே கொண்டுவந்துவிட்டது. ஆகவே எழுதிக் கொடுத்ததைப் படிக்கும் வேலைதான் முதலில் போகும். செயலி ஓர் எண்ணைக் காட்டும். இரண்டு செயலிகள் இரண்டு எண்களைக் காட்டும்போது எதை நம்புவது, ஏன், இன்றிரவு வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டுமா வேண்டாமா என்று கேட்க மக்களுக்கு ஒரு முகம் தேவைப்படுகிறது. அந்த இடம் சிறியது, போட்டி கடுமை. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வளிமண்டல அறிவியல் படித்தவருக்கு விமான நிலையம், மின்சாரம், காப்பீடு, வேளாண்மை, ஆராய்ச்சி என்று வேறு கதவுகளும் உண்டு. வாசிப்பு மட்டும் தெரிந்தவருக்கு இல்லை.

முகம், குரல் பற்றி அதிகம் எழுத மாட்டேன். ஒப்பனையும் விளக்கும் அவர்கள் பொறுப்பு. குரலுக்குப் பயிற்சி உண்டு: மூச்சைப் பழக்குங்கள், வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்காதீர்கள். உண்மையான சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. உங்கள் பின்னால் வரைபடமே இருக்காது. வெற்றுப் பச்சைச் சுவர்தான்; பச்சை தெரியும் இடத்தில் கணினி வரைபடத்தை ஒட்டிக் காட்டும். பக்கவாட்டு மானிட்டரில் உங்களைப் பார்த்துக்கொண்டே, இல்லாத இடத்தில் இருக்கும் ஊரை விரலால் தொட வேண்டும். பச்சை உடை அணிந்தால் உங்கள் உடம்பின் மீதே மேகம் நகரும். பெரும்பாலான அறிவிப்பாளர்களுக்கு டெலிப்ராம்ப்டர் (பேச வேண்டியதைத் திரையில் ஓடவிடும் கருவி) கிடையாது. படங்களின் வரிசைதான் நினைவூட்டல். செய்தி நீண்டுவிட்டால் உங்களுக்கு ஒதுக்கிய இரண்டரை நிமிடம் ஒன்றே கால் நிமிடமாகிவிடும், அதுவும் நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே. ஆகவே ஒவ்வொரு அறிக்கையையும் மூன்று நீளங்களில் சொல்லிப் பழகுங்கள். எதை முதலில் வெட்டுகிறீர்கள் என்பதைப் பார்த்தாலே உங்களுக்கு வானிலை புரிந்திருக்கிறதா என்று சொல்லிவிடலாம்.

வசதிக் குறைவுகளையும் சொல்லிவிடுகிறேன். காலை நிகழ்ச்சி என்றால் நள்ளிரவு தாண்டி இரண்டு, மூன்று மணிக்கே வேலை தொடங்கும். பண்டிகைக்கும் விடுமுறை இல்லை. வானம் மோசமானால் வீட்டுக்கே போக முடியாது. பெரும்பாலும் ஒப்பந்த வேலை. உடையைப் பற்றி, எடையைப் பற்றி, பெண்களுக்கு மட்டும் எழுதப்படும் கடிதங்கள் வரும்; படிக்காமல் அழிக்கலாம். பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசினால் மிரட்டலும் வரக்கூடும். அமெரிக்காவின் அயோவாவில் கிறிஸ் க்ளோனிங்கர் என்ற அறிவிப்பாளர் கொலை மிரட்டல் உள்பட இத்தகைய தொல்லைகளுக்குப் பிறகு 2023இல் தொலைக்காட்சியை விட்டே விலகினார். அப்படிப்பட்ட கடிதத்தை மட்டும் அழிக்காமல் நிர்வாகத்திடமும் காவல்துறையிடமும் கொடுங்கள்.

சேனல்காரருக்கு 'வரவில்லை' என்று எழுதாதீர்கள். இரண்டு ஆண்டுகள் படிக்கப் போகிறேன், விடுமுறையில் உங்கள் வானிலைப் பிரிவில் உட்கார்ந்து வரைகலை மென்பொருளைப் பழகிக்கொள்ள அனுமதிப்பீர்களா என்று கேளுங்கள். கூடவே ஒரு கேள்வி: ஒளிபரப்பு நடக்கும்போது ரேடார் அறிக்கைக்கு மாறாகக் காட்டினால், திரையில் சொல்வதை மாற்றும் அதிகாரம் யாருக்கு? 'வானிலை அறிவிப்பாளருக்கு' என்று பதில் வந்தால் பட்டத்தோடு அங்கேயே போகலாம். 'அதெல்லாம் நீங்கள் யோசிக்க வேண்டாம், நாங்கள் எழுதித் தருவோம்' என்றால் வேறு சேனல் தேடுங்கள்.